நான் எழுதிய வரி, அவர் பெயரில்

என் வயதைக் காரணம் காட்டி என்னை மன்னிக்க வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுபத்து நான்கு வயதில் கண் கொஞ்சம் மங்கியிருக்கிறது. இடது முழங்கால் மழைக்காலத்தில் மடங்க மறுக்கிறது. மூளை நன்றாக இருக்கிறது. இங்கே எழுதப்போகும் காரியத்தை நல்ல வெளிச்சத்தில், நல்ல நினைவோடு, காலைக் காபி குடித்துவிட்டு உட்கார்ந்து செய்தேன்.

மதுரையில் கணிதம் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பெங்களூரில் கணினி வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு பெருமாள்மலையில், சாலைக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறேன். கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்கள் வளைவில் கியர் மாற்றும் சத்தம் நாள் முழுவதும் கேட்கும். ஓய்வு பெற்றவர்கள் ரோஜா வளர்ப்பார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நான் ஷெல் ஸ்கிரிப்ட் ரிவ்யூ செய்தேன்.

அது என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே கோப்பில் பல பேர் பல மாதம் வேலை செய்தால், யார் எந்த வரியை எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் வேண்டும். அப்படி ஒரு மென்பொருளை உலகத்தின் பல மூலைகளிலிருந்து பலர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், எழுதி வருகிறோம். பெரிய பெயர் பெற்றது இல்லை. ஆனாலும் அதை நம்பி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கணிசமான பகுதி ஷெல் ஸ்கிரிப்ட். முதலில் இதைச் செய், அது முடிந்தால் அடுத்ததைச் செய் என்று கணினிக்கு வரிசையாகக் கட்டளை கொடுக்கும் சிறு நிரல்கள். யாராவது ஒன்றை மாற்ற விரும்பினால், மாற்றத்தை மட்டும் எழுதி, எல்லாரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பேட்ச் என்று பெயர். அதை ஒருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்வார், அதுதான் ரிவ்யூ. அனுப்பியவர் திருத்தி மறுபடி அனுப்புவார். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று அந்த ஒருவர் எழுதினால்தான் பேட்ச் மென்பொருளுக்குள் போகும். ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு அந்த ஒருவர் நான்.

எனக்குக் கடுமையானவன் என்று பெயர். அந்தப் பெயரை நான் ரசித்தேன். என்னிடம் முதல் முறையே தேறிய பேட்ச்கள் மிகக் குறைவு. நான் எல்லாரிடமும் அலுக்காமல் சொல்லிவந்த ஒரு விதி உண்டு. இந்தக் கதைக்கு அது தேவை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேரட் மூட்டை கட்டுகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் சாக்கில் கேரட்டை நிரப்புகிறான். அடுத்தவன் சாக்கின் வாயைத் தைக்கிறான். ஷெல் ஸ்கிரிப்டில் இப்படி இரண்டு கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடலாம். அப்படிக் கோத்தால், வேலை சரியாக முடிந்ததா என்ற கேள்விக்குத் தைக்கிறவனின் பதில் மட்டும்தான் வரும். நிரப்புகிறவன் பாதியில் மயங்கி விழுந்தாலும் தெரியாது. பாதிச் சாக்கையும் நன்றாகத் தைக்கலாம், இல்லையா? தைத்துவிட்டேன், எல்லாம் சரி என்று அவன் சொல்வான். ஆகவே முக்கியமான கட்டளையை அப்படி முன்னால் கோக்காதே என்பது விதி. குழுவின் விதிப் புத்தகத்தில் அந்தப் பத்தியை எழுதியவனே நான்.

போன வருடம் மழை தொடங்கும் சமயத்தில் ஒரு புதியவரிடமிருந்து பேட்ச் வந்தது. இரண்டே வரி மாற்றம். எங்கள் மென்பொருளில், இணையம் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் மாற்றங்களைப் பென் டிரைவில் மூட்டை கட்டி எடுத்துப்போக ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. மூட்டை கட்டி முடித்ததும் அது கணினியில் இருக்கும் பழைய நகலை அழித்துவிடும். பென் டிரைவில் இடம் தீர்ந்துபோனால் மூட்டை பாதியில் நின்றுவிடுகிறது, ஆனாலும் எல்லாம் சரி என்று நினைத்து ஸ்கிரிப்ட் நகலை அழித்துவிடுகிறது என்று அவர் எழுதியிருந்தார். வேறொரு பிரதி வைத்திருந்ததால் தான் தப்பித்ததாகவும் எழுதியிருந்தார். கீழே ஊர்ப் பெயர் இருந்தது: மன்னவனூர்.

நான் சிரித்தேன். எங்கோ ஆறாயிரம் மைல் தாண்டி இருப்பவர்களோடு இத்தனை வருடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், இது என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரம். விசாரித்து எழுதினேன். முப்பத்தைந்து வயதுப் பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களின் குடும்பம். விதை உருளைக்கிழங்கு விவசாயிகள் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை. எந்த மேட்டில் எந்த விதை, எப்போது நோய் கண்டது என்ற குறிப்புகளை எங்கள் மென்பொருளில் வைத்துப் பராமரிக்கிறார். அப்போது ஊரில் இணையம் கிடையாது. பென் டிரைவோடு பஸ் ஏறிக் கொடைக்கானல் வந்து அனுப்பிவிட்டுப் போவார். அதற்குச் சில நாள் பிறகு ஊருக்குள் கேபிள் இழுத்தார்கள்.

இன்னொன்றையும் ஒரு மின்னஞ்சலில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். கோயம்புத்தூரில் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறது. அவர் எழுதிய மாற்றம் ஒன்று மென்பொருளின் அடுத்த வெளியீட்டில் இருந்தால் போதும், நேர்காணல்கூட வேண்டாம். தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததால் ஊரைவிட்டு நகர முடியாது. ஆகவே நேரம் இருக்கும்போது பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

அவருக்கு எது வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இதை நான் மறைக்கப்போவதில்லை.

பேட்சைப் படிக்கும் முன், ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும் கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினேன். எப்போதும் செய்வதுதான். அவர் திருத்தியிருந்த வரிக்கு நேராக இடப்பக்கத்தில் என் பெயர் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் எழுதிய வரி. நிரப்புகிறவனை முன்னால் விட்டு, தைக்கிறவனிடம் மட்டும் கேட்கும் வரி. எத்தனையோ பேரை எதற்காக வறுத்தெடுத்தேனோ அதே தவறு.

நேர்மையான மனிதன், ஆமாம், இது என் தவறு, திருத்தியதற்கு நன்றி என்று எழுதியிருப்பான். மூன்று நிமிட வேலை. நான் ஒரு மணி நேரம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கோப்பில் சில வரிகள் டேப் வைத்தும் சில வரிகள் ஸ்பேஸ் வைத்தும் உள்ளே தள்ளி எழுதப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. எங்கள் வழக்கப்படி, அசுத்தமான கோப்பில் உண்மையான மாற்றம் செய்வதற்கு முன், அதன் ஓர இடைவெளிகளை மட்டும் ஒழுங்குபடுத்தும் ஒரு பேட்சைத் தனியாக அனுப்பச் சொல்லலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். நல்ல பழக்கம் என்று பாராட்டுவார்கள்.

முதலில் சுத்தம் செய்து ஒரு பேட்ச் அனுப்புங்கள், இதைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினேன்.

அதன் விளைவு எனக்குத் தெரியாதா? ஓர இடைவெளியை மாற்றினால் எல்லா வரிகளையும் தொட வேண்டும். தொட்டால் எல்லா வரிகளின் இடப்பக்கத்திலும் அவர் பெயர் வரும். என் பெயர் ஓர் அடுக்கு கீழே போய்விடும். தோண்டிப் பார்த்தால் கிடைக்கும், ஆனால் யார் தோண்டப்போகிறார்கள்? யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. யோசித்துத்தான் செய்தேன்.

இரண்டு நாளில் சுத்தம் செய்து அனுப்பினார். ஒரு குறையும் சொல்லாமல் அன்றைக்கே ஏற்றுக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உண்மையான திருத்தத்தை மட்டும் திருப்பித் திருப்பி அனுப்பினேன். விளக்கத்தின் முதல் வரி நீளமாக இருக்கிறது என்றேன். சுருக்கி அனுப்பினார். இப்போது போதுமான விளக்கம் இல்லை என்றேன். திருத்தம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை நிரல் எழுதுங்கள் என்றேன். எழுதினார். சோதனை மெதுவாக ஓடுகிறது என்றேன். வேகப்படுத்தினார். நிரலில் ஒரு மாறிக்கு வைத்த பெயர் சரியில்லை என்றேன். இப்படிப் பதினோரு முறை. ஒவ்வொன்றுக்கும் மறுநாளே பதில் வரும், நன்றி சார் என்ற சொல்லோடு.

முதல் நாள் என் பெயர் தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம். ஐந்தாம் முறைக்குப் பிறகு நோக்கம் ஒன்றும் இல்லை. ஒரு சாதாரணப் பெண் என் தவறைக் கண்டுபிடித்துவிட்டார் என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது. வெளியீட்டு நாள் வந்தது. அவர் சுத்தம் செய்த கோப்பு உள்ளே போயிற்று. அவர் திருத்தம் வெளியே நின்றது.

மூன்று வாரத்தில் அது நடந்தது. எங்கோ ஒரு தீவில் பறவைகளைக் கணக்கெடுக்கிற ஆராய்ச்சிக் குழு ஒன்று, நான்கு மாதக் குறிப்புகளை அந்த ஸ்கிரிப்டால் இழந்தது. கோபமாக எழுதினார்கள், நியாயம்தான். குழுவில் யாரோ ஒருவர் கட்டளையை ஓட்டி, இடப்பக்கத்தில் இருந்த பெயரை எல்லாரும் பார்க்க ஒட்டிவைத்தார். பிறகு கடிதங்கள் வரிசை கட்டி வந்தன. யார் இவர்? இதற்கு முன் என்ன செய்திருக்கிறார்? இவ்வளவு முக்கியமான கோப்பில் கைவைக்க அனுபவமில்லாதவரை எப்படி விட்டோம்? அவர் ஒரே ஒரு பதில் எழுதினார். நான் ஓர இடைவெளியை மட்டும்தான் மாற்றினேன், இந்தத் தவறுக்கான என் திருத்தம் ரிவ்யூவில் காத்திருக்கிறது. அதற்குக் கீழே மேலும் பதினைந்து பேர் அவரைத் திட்டினார்கள். எல்லாரும் ரிவ்யூ செய்தவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

நான் பதினாறு நாள் வாயைத் திறக்கவில்லை. முதல் மூன்று நாள் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் இல்லை. அதை எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் மின்சாரம் வந்துவிட்டது. அப்புறம் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை, இருந்தும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் நிறுவனம் வேலை இல்லை என்று அவருக்கு எழுதிவிட்டதும் குழுவிலேயே தெரிந்தது. அங்கே வேலை செய்கிற ஒருவர், நல்லவேளை, நாங்கள் இவரை எடுக்க இருந்தோம் என்று எழுதியிருந்தார்.

பதினாறாம் நாள் குழுவின் தலைவரிடமிருந்து எனக்குத் தனி மடல் வந்தது. அவர் வேறு நாட்டுக்காரர், மரியாதையான மனிதர். அந்தப் பெண் இனி பேட்ச் அனுப்ப முடியாதபடி செய்யலாம் என்று யோசிக்கிறோம், அவருடைய அடுத்த பேட்சைப் பதினோரு முறை தடுத்து நிறுத்திய உங்கள் கவனத்துக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்.

திட்டியிருந்தால் இன்னும் பதினாறு நாள் சும்மா இருந்திருப்பேன். அந்தப் பாராட்டை என்னால் விழுங்க முடியவில்லை. மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளனே கிளம்பி, கொடைக்கானலில் பஸ் மாறி, பூம்பாறை தாண்டி மன்னவனூரில் இறங்கினேன். சங்கத்து அலுவலகம் பூட்டிக் கிடந்தது. எதிர்க் கடையில் கேட்டேன்.

“அந்த வெளிநாட்டுக் கம்பெனி கம்ப்யூட்டரையெல்லாம் அழிச்சுப்புட்ட பிள்ளையா?” என்றார் கடைக்காரர். “மேல போங்க, பச்சைக் கதவு.”

அந்தப் பழி இங்கேயும் வந்துசேர்ந்திருக்கிறது. அவரைத் திருத்தாமல் ஏறினேன்.

கதவு திறந்தே இருந்தது. சன்னலோரக் கட்டிலில் கைத்தடியோடு தாயார் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி மகள் வந்தார். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நான் பெருமாள்மலை என்று சொன்னதும் புரிந்துகொண்டார்.

“யாரு புள்ள?” என்றார் தாயார்.

“ரிவ்யூ சார்ம்மா.”

“ஒன்னய பதினோரு தடவ எழுத வச்ச மனுசரா?” தாயார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒக்காருங்கய்யா. பதினோராவதாச்சும் நல்லா இருந்துச்சா?”

“மொதல் தடவையே நல்லா இருந்துச்சும்மா,” என்றேன்.

“அப்ப மத்த பத்தும் எதுக்காம்?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “தேத்தண்ணி போடு புள்ள, மலையேறி வந்திருக்காரு,” என்று அவரே பேச்சை மாற்றினார்.

தேநீர் வரும்வரை காத்திருக்காமல் சொல்லிவிட்டேன். “அந்த வரி என்னோடதுங்க. ஒம்பது வருசம் முன்னாடி நான் எழுதினது.”

மகள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினார். “தெரியும் சார்.”

“எப்போலேர்ந்து?”

“மொத நாளே. கட்டளைய ஓட்டிப் பாத்துட்டுத்தான பேட்ச் எழுதினேன். ஒங்க பேரு இருந்துச்சு. மெயில்ல போட வேணாம்னு விட்டுட்டேன். பெரியவரு, அவரே பாத்துட்டுச் சரின்னுடுவாருன்னு நெனச்சேன்.”

நான் ஒளித்த பெயரை, ஒளிப்பதற்கு முன்பே, மரியாதைக்காக அவர் ஒளித்து வைத்திருந்தார்.

“சுத்தம் பண்ணச் சொன்னப்பவே தெரிஞ்சுதா?”

“ரெண்டாவது தடவ திருப்பினீங்களே, அப்பத் தெரிஞ்சுது. எனக்கு வேற வழி இருந்துச்சா? ரிவ்யூக்கு நீங்க ஒருத்தர்தான.”

“குழுவில என் பேரச் சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னா சாக்குப்போக்கும்பாங்க. நீங்க சொன்னாத்தான் சாட்சி.”

“என்னை மன்னி...” என்று தொடங்கினேன்.

“இருங்க சார். அத இங்க சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த கம்பெனிக்காரங்க எங்க வீட்டு அடுப்படிக்கா வந்து கேக்கப் போறாங்க? என் பேரு எங்க கெட்டுச்சோ அங்க எழுதுங்க. இப்பவே.”

“வீட்டுக்குப் போய் நிதானமா...”

“பதினாறு நாளு நிதானமா இருந்தீங்களே. போதலையா?”

மடிக்கணினியை எடுத்தேன். அவர் தன் கைப்பேசியைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்து இணைப்புக் கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கடிதம். இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதி அவர் பக்கம் திருப்பினேன். எதிர்பாராத விதமாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று ஆரம்பித்திருந்தேன்.

“நேர்ந்துருச்சா? மழ பேஞ்ச மாதிரி எழுதியிருக்கீங்க. யாரு செஞ்சது?”

“நான்.”

“அத எழுதுங்க.”

இரண்டாம் முறை, நான் என்று தொடங்கி, வயதையும், அந்தச் சமயத்தில் கண்ணில் இருந்த கோளாறையும் சேர்த்திருந்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“வயசு எதுக்கு சார்? நீங்க சோதனை மெதுவா ஓடுதுன்னு சொன்னப்ப, எங்கம்மாவ ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டுத்தான் அத வேகப்படுத்தினேன். பேட்ச்ல அத எழுதினேனா?”

மூன்றாம் முறை அவரைப் பற்றி நான்கு வரி புகழ்ந்து எழுதினேன். வசதியற்ற மலைக் கிராமத்திலிருந்து வந்த திறமைசாலி, இப்படி. அதைப் படிக்கும்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

“என்னயப் பத்தி ஒண்ணும் வேணாம். வசதியில்லாத கிராமம், அது இதுன்னு... அந்த வரியப் பத்தி எழுதுங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க.”

“ஏ புள்ள,” என்றார் தாயார் கட்டிலிலிருந்து. “வயசான மனுசரு. பாவம், விடேன்.”

“நீ சும்மா இரும்மா. என்னய பதினோரு தடவ திருப்பினாரு. இது மூணாவதுதான்.”

தாயார் விரல் விட்டு எண்ணினார். “அப்ப இன்னும் எட்டு கெடக்கா? சரி, இவருக்கும் சேத்து ஒல வச்சிரு.”

எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நான்காம் முறை ஐந்து வாக்கியம் எழுதினேன். அதைத் தமிழில் இங்கே தருகிறேன்:

“கோப்புகளை அழித்த வரியை ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியவன் நான். இவர் அதைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பியபோது, என் பெயர் மறைய வேண்டும் என்பதற்காகவே, கோப்பின் ஓர இடைவெளிகளை முதலில் சரிசெய்யச் சொன்னேன். அதனால்தான் அந்த வரி இவர் பெயரில் தெரிகிறது. இவருடைய திருத்தத்தைத் தக்க காரணம் இல்லாமல் பதினோரு முறை திருப்பி, வெளியீட்டுக்குள் போகாமல் தடுத்தேன். நீங்கள் இவரைக் குற்றம் சொன்னபோது பதினாறு நாள் பேசாமல் இருந்தேன்.”

இரண்டு தடவை படித்தார். “இது சரி,” என்றார்.

“கடைசியில வருந்துகிறேன்னு ஒரு வார்த்தை?”

“அது என்கிட்ட சொல்ல வேண்டியது சார். அவங்களுக்கு எதுக்கு?”

“அப்ப உங்ககிட்ட சொல்லட்டுமா?”

மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். “இன்னைக்கு வேணாம்,” என்றார். பிறகு, “வெரசா கெளம்புங்க. பஸ்ஸ விட்டா நாளைக்குத்தான்.”

அவர் முன்னாலேயே அனுப்பினேன். பஸ் பூம்பாறை வருவதற்குள் தலைவரின் பதில் வந்துவிட்டது. இவ்வளவு பச்சையாக எழுத வேண்டுமா, குழுவின் பெயருக்கு நல்லதில்லையே, நாங்கள் யாரையும் தனிப்பட்ட முறையில் குற்றம் சொல்வதில்லை என்பது நம் கொள்கை அல்லவா, கொஞ்சம் மென்மையாக மாற்றித் தாருங்கள், பழையதை எடுத்துவிடுகிறோம் என்று. அந்தக் கொள்கை பதினாறு நாளாக எங்கே போயிருந்தது என்று கேட்டு, ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று பஸ்ஸிலிருந்தே பதில் எழுதினேன். எடுத்தால் மறுபடி போடுவேன் என்றும் எழுதினேன். எடுக்கவில்லை.

அடுத்த வாரம் என்னை ரிவ்யூவிலிருந்து விலக்கினார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் அறிவிப்பில், வயது காரணமாக ஓய்வு பெறுகிறார், இத்தனை வருடச் சேவைக்கு நன்றி என்று போட்டிருந்தார்கள். அதன் கீழேயே எழுதினேன்: இது உண்மை இல்லை, நான் செய்த காரியத்துக்காக விலக்கப்பட்டேன், காரணத்தையும் வரலாற்றில் பதியுங்கள். யார், எப்போது, ஏன் என்று பதிவதற்கென்றே மென்பொருள் எழுதுகிறவர்கள் நாம். மாற்றத்துக்கு ஏன் என்று எழுதாதவனின் பேட்சை நான் ஏற்றதே இல்லை. ஓய்வு என்ற பொய்யை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? பெருமாள்மலையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். “கௌரவமா அனுப்புறாங்க, வாங்கிட்டுப் போங்களேன் சார், ஏன் வீம்பு?” என்றார். வீம்புதான். இந்த ஒரு தடவையாவது அது சரியான பக்கம் நிற்கட்டும்.

அவருடைய திருத்தத்தை வேறொருவர் ரிவ்யூ செய்தார். பதினொன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, முதலாவதாக அனுப்பிய இரண்டு வரிப் பேட்சையே எடுத்துக்கொண்டார். ஒரே நாள். குறை ஒன்றும் இல்லை.

கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது: உண்மையை அறிந்து மகிழ்கிறோம், அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது. அவ்வளவுதான். அந்த வேலை போனது போனதுதான். ஐந்து வாக்கியம் எழுதினால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், அந்த ஐந்தைப் பதினாறு நாள் முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

குழு அவரிடம், ஷெல் ஸ்கிரிப்ட் ரிவ்யூவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டது. பெரிய கௌரவம் என்று நினைத்துக் கேட்டார்கள். மறுத்துவிட்டதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“ஏன்?” என்றேன்.

“சம்பளம் இல்லாத சோலி சார். நான் சம்பளத்துக்குத்தான வந்தேன்.” பிறகு, “ஒங்க கடுதாசி இங்கிலீசுல இருக்கு. எங்க ஊர்க் கடையில இன்னும் நான் கம்ப்யூட்டர அழிச்சவதான்,” என்றார்.

ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். இருவர் பெயரையும் போட வேண்டாம் என்று அவர் சொன்னார். கடைக்காரருக்கு யார் என்று தெரியும், அது போதும் என்றார். இது அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை நானே எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடையில் நின்று, கேட்கிறவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டப்போகிறேன்.

படிக்கிறவர்களில் யாராவது, இந்த வயதில் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குக் கடிதம் போட நினைக்கலாம். வேண்டாம். மன்னவனூரில் ஒரு பெண் கையில் வந்த வேலையை இழந்து, கிழங்கு விதைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். தாயார் இன்னும் தடியில்லாமல் நடக்கவில்லை. வருந்துகிறேன் என்பதைச் சொல்ல எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கேட்கிறேன். இன்னைக்கு வேணாம் என்கிறார். சரி என்று வைத்துவிட்டு, அடுத்த மாதமும் கேட்பேன்.